நான்காம் எண் கரு

சாரல் தொடங்கிவிட்டால் எனக்குத் துணி காயவைப்பதுதான் பெரிய கவலை. மேலகரத்தில் நான் குடியிருக்கும் மாடியில் வெயில் விழுகிற இடம் ஒன்றே ஒன்று. அதையும் வீட்டுக்காரம்மா வற்றலுக்குப் பிடித்துக்கொள்வார். இன்றைக்கும் ஓரம் காயாத புடவையைத்தான் உடுத்தி வந்திருக்கிறேன். ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைத்ததற்கு நன்றி.

உங்கள் தாளில் ‘கவனக்குறைவு’ என்று எழுதியிருப்பதை இங்கிருந்தே என்னால் படிக்க முடிகிறது. எனக்குக் கோபமில்லை. டாக்டர் ஜெஸி அப்படித்தான் சொல்லியிருப்பார், அதுவும் பழியில் பாதியைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு. என் தங்கை முத்துசெல்வியும் அப்படித்தான் நம்புகிறாள். முந்தாநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ வேணும்னா செஞ்ச? மனசப் போட்டு ஒழப்பாதக்கா,” என்றாள். எல்லோரும் என்னை மன்னிக்கத் தயாராக இருக்கிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான். அந்தச் சொல்லை நீங்கள் அடித்துவிட வேண்டும். காரணத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

என் பெயர் குழல்வாய்மொழி. தென்காசியில் டாக்டர் ஜெஸி நடத்தும் குழந்தைப்பேறு மையத்தில் பதினாறு வருடமாக லேப் என் பொறுப்பு. முட்டையையும் விந்தணுவையும் சேர்ப்பது, ஐந்து நாள் இன்குபேட்டரில் கருவை வளர்ப்பது, தேறியதை உறையவைத்துப் பாதுகாப்பது, உரிய நாளில் எடுத்து டாக்டர் கையில் கொடுப்பது, இவ்வளவுதான் வேலை. கருக்கள் கண்ணுக்குத் தெரியாது. தலைமுடி கனமுள்ள குழாயால் அவற்றை உறிஞ்சி இடம் மாற்ற வேண்டும். என் கை நடுங்கி ஒரு கரு கூட வீணானதில்லை. வருகிறவர்கள் கைராசி என்பார்கள். ராசியும் இல்லை, கீசியும் இல்லை. காபி குடிப்பதை விட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

செல்வியின் மகளுக்கு மூன்று வயது. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சின்னச் சுரப்பி ஒன்று உண்டு. அதில் அந்தக் குழந்தைக்குக் கட்டி. திருநெல்வேலியில் போன வாரம் அறுவை சிகிச்சை நடந்தது. ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்பியபோது, அவளிடம் இருக்கவே கூடாத ஒரு பழுது அவளிடம் இருந்தது. அந்தப் பழுது இல்லாத கரு என்று சோதித்துப் பார்த்துத்தான் செல்விக்கு வைத்தோம். அதனால்தான் விசாரிக்கும் டாக்டராக நீங்கள் இங்கே வந்திருக்கிறீர்கள்.

அந்தப் பழுது எங்கள் குடும்பச் சொத்து. எங்கள் அம்மா முப்பத்து நான்கு வயதில் மார்பில் கட்டி வந்து இறந்தாள். அப்போது எனக்குப் பதினொன்று, செல்விக்கு நான்கு. பிறகு என் மகள் கோமதி. அவளுக்கு நான்கு வயதாகும்போது இதே சுரப்பியில் இதே கட்டி. கன்னத்தில் பரு வந்தது, குரல் கம்மியது. சூடு என்று நினைத்து எண்ணெய் தேய்த்துவிட்டேன். நாற்பது நாள் எண்ணெய் தேய்த்தேன். டாக்டரிடம் போனபோது ஈரல் வரைக்கும் பரவியிருந்தது. அவள் போன பிறகுதான், ஏன் இந்தச் சின்னப் பிள்ளைக்கு இப்படி ஒரு கட்டி என்று மதுரையில் டாக்டர் ஒருவர் யோசித்து எங்கள் ரத்தத்தையும் சோதிக்கச் சொன்னார். எனக்கும் இருந்தது, செல்விக்கும் இருந்தது. இரண்டு வருடத்தில் என் மார்பிலும் கட்டி வந்தது. அறுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், அந்த மருந்தோடு இன்னொரு பிள்ளைக்கான வாய்ப்பும் போயிற்று. வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் யார் எப்போது சாவார்கள் என்று எண்ணிக்கொண்டே ஒரு மனிதர் எத்தனை நாள் சோறு தின்பார்.

பழுதானது பி53 என்ற புரதத்துக்கான மரபணு. கட்டியை அடக்கும் புரதம் என்று அதற்குப் பெயர். உடம்பில் ஒரு செல் சேதமாகிவிட்டால் இந்தப் புரதம் அதைப் பிரியவிடாமல் நிறுத்தும். சரிசெய்துகொள்ள நேரம் கொடுக்கும். சரியாகாது என்று தெரிந்தால் செத்துப் போ என்று சொல்லும். செல்லும் மறுபேச்சில்லாமல் சாகும். கட்டியை வைத்து அதற்குப் பெயர் வைத்துவிட்டார்களே தவிர, அதன் வேலை கட்டிக்குப் பல வருடம் முன்பே, கருவின் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. அந்த நாட்களில் இன்னொரு புரதம் அதன் பிடரியைப் பிடித்து அடக்கி வைத்திருக்கும். எலிகளில் அந்தப் பிடியை நீக்கிப் பார்த்தார்கள். காவல் புரதமான பி53 கட்டவிழ்ந்து, கர்ப்பப்பையில் ஒட்டும் சமயத்திலேயே கருவைக் கொன்றுவிட்டது. பிடியையும் காவலையும் சேர்த்து நீக்கியபோது எலிகள் நன்றாகப் பிறந்தன, பிற்பாடு கட்டி வந்து செத்தன. மகள் போன பிறகு நான் இதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் கோவிலுக்குப் போவார்கள்.

படித்ததில் ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்ல வேண்டும். ஆறு நாள் எலிக் கருவில் பக்கத்துப் பக்கத்துச் செல்கள் ஒன்றையொன்று அளந்து பார்க்கின்றனவாம். பி53 சற்றுக் கூடுதலாக உள்ள செல்லைத் தன்னைப் போன்றவற்றோடு மட்டும் விட்டால் நன்றாக வளர்கிறது. அதே செல்லுக்குப் பக்கத்தில், பி53 குறைவாக உள்ள செல் ஒன்று வந்து உட்கார்ந்தால் இது செத்துவிடுகிறது. அதனிடம் உள்ள அளவு முன்பும் அதேதான், பின்பும் அதேதான். மாறியது பக்கத்து வீடு. இதைப் படித்த அன்று நான் மத்தியானம் சாப்பிடவில்லை.

செல்வி எனக்கு அடுத்த தெருவில் இருந்தாள்.

அவள் நல்லவள். அதை எழுதிக்கொள்ளுங்கள். அவள் கணவர் லிங்கேஸ்வரன் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர், வீட்டுக்குள் காலடிச் சத்தம் கேட்காத மனிதர். ஞாயிற்றுக்கிழமை சொதி வைத்தால் தூக்குவாளியில் எனக்கு ஒரு பங்கு வந்துவிடும். அவளுக்குக் கட்டி எதுவும் வரவில்லை. வருடம் தவறாமல் ஸ்கேன் எடுக்கிறாள், வருடம் தவறாமல் சுத்தமாக வருகிறது. ஏன் ஸ்கேன் எடுக்கிறாள்? என் கோமதி செத்ததால். கருவைச் சோதித்துப் பார்த்து வைக்கலாம் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது? அதே காரணம்தான். என் மகள் தன் உயிரைக் கொடுத்து அவளுக்கு வழி காட்டிவிட்டுப் போனாள். சொதியை நான் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருக்கும். சாப்பிட்டுவிட்டுத் தூக்குவாளியைக் கழுவும்போது எனக்கு வயிறு எரியும். பொறாமைதான். அதற்கு வேறு பெயர் தேட எனக்கு வயதில்லை.

அவளுக்கு நான்கு கருக்கள் கிடைத்தன. ஒவ்வொன்றிலிருந்தும் சில செல்களைக் கிள்ளிச் சென்னைக்கு அனுப்பிவிட்டு, கருக்களை இங்கேயே ஸ்ட்ரா என்கிற மெல்லிய பிளாஸ்டிக் குழல்களில் தனித்தனியாக உறையவைத்தேன். ரிப்போர்ட் வந்தது. இரண்டாம் எண் மட்டும் சுத்தம், மற்ற மூன்றிலும் பழுது. டாக்டர் ஜெஸி தன் அறையில் வைத்து எங்களுக்கு விளக்கினார். நான் செல்வியின் பக்கத்து நாற்காலியில் இருந்தேன்.

“மத்த மூணையும் என்ன செய்யட்டும்?” என்று டாக்டர் கேட்டார்.

செல்வி என்னைப் பார்த்தாள். “அது நமக்கு எதுக்குக்கா? தூக்கிப் போட்டுரு.”

உடனே கையெழுத்தும் போட்டாள். அந்த மூன்றைப் போல ஒரு கருவாகத்தான் நானும் ஒரு நாள் இருந்தேன். செல்வியும் இருந்தாள். என் கோமதியும் இருந்தாள். அம்மா காலத்தில் இந்த லேப் இருந்திருந்தால் எங்கள் இருவரையும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொட்டியிருப்பார்கள். இதை நான் அவளிடம் சொல்லவில்லை. அந்த வார்த்தைதான் என்னைச் செய்யவைத்தது என்று எழுதிக்கொண்டால் எனக்குக் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். ஆனால் ரிப்போர்ட் வந்த அன்று காலையில், டாக்டரிடம் கொடுப்பதற்கு முன்பே நான் அதைப் பிரித்துப் படித்துவிட்டேன். நான்காம் எண் எது என்று, கருக்கள் உறைந்திருக்கும் டேங்கைத் திறந்து ஒரு முறை பார்த்தும் வைத்தேன்.

உறையவைக்கும் முன்பு மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது நான்கில் அதுதான் அழகு. செல்கள் ஒரே சீராக, மேலுறையை முட்டிக்கொண்டு வெளியே வரத் துடித்துக்கொண்டு நின்ற கரு. இரண்டாம் எண் கொஞ்சம் மந்தம். பழுது முகத்தில் தெரியாது, அதுதான் அதன் சாமர்த்தியம்.

உறையவைத்த கருவை எடுக்கும்போது இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. ஒருவர் ஸ்ட்ராவில் உள்ள பெயரையும் எண்ணையும் உரக்கப் படிப்பார், மற்றவர் ஃபைலைப் பார்த்துச் சரி என்பார். எங்கள் இடத்தில் அந்த மற்றவர் டாக்டர் ஜெஸிதான். அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிதோறும் அவர் காலையில் செங்கோட்டை கிளினிக்கைப் பார்த்துவிட்டு ஒன்பதரைக்குத்தான் வருவார். சாதாரணமாக வெள்ளிக்கிழமை ட்ரான்ஸ்ஃபரை, அதாவது கருவை வைப்பதை, மதியத்துக்கு வைத்துக்கொள்வோம். அன்றைக்கு அப்படி வைக்க முடியவில்லை. செல்வியின் மாமியார் உலகம்மை சுந்தரபாண்டியபுரத்திலிருந்து முதல் பஸ்ஸுக்கே வந்து, ஏழு மணிக்கு லேப் வாசலில் நின்றார்.

“பத்தரைக்கு ராவு காலம் பொறந்திரும்லா தாயீ. அதுக்கு முன்னால பிள்ளைய வச்சிருங்க. அதுக்கப்புறம்னா நான் சம்மதிக்க மாட்டேன்.”

பத்தரைக்கு முன்னால் வைக்க வேண்டுமென்றால் ஏழரைக்காவது உறைநிலையிலிருந்து எடுக்க வேண்டும். டாக்டருக்கு போன் போட்டேன்.

“நீங்க எடுத்திருங்க குழல். வந்து கையெழுத்துப் போடுதேன். உங்க தங்கச்சிக்கு உங்களவிட யாரு கவனமாப் பாக்கப் போறா?” என்றார்.

ஆக, ராகு காலத்துக்குப் பயந்து ஒரு விதி மீறப்பட்டது. இப்படித்தான் உங்கள் ரிப்போர்ட்டில் வரும். படிப்பதற்கும் நன்றாக இருக்கும். கிழவியை யாரும் திட்ட முடியாது, டாக்டரையும் அதிகம் திட்ட முடியாது. ஆனால் செல்வியின் ஊசியை ஞாயிற்றுக்கிழமை தொடங்கச் சொன்னது நான். ஊசி தொடங்கி ஆறாம் நாள் கருவை வைக்க வேண்டும். ஞாயிறு தொடங்கினால் ஆறாம் நாள் வெள்ளி. வெள்ளிக்கிழமை ராகு காலம் எத்தனை மணிக்கு என்று எனக்கும் தெரியும், உலகம்மை அத்தைக்கு அது எவ்வளவு முக்கியம் என்பதும் தெரியும். அவர் முதல் நாள் சாயங்காலம் நல்ல நேரம் கேட்டு எனக்குத்தான் போன் செய்தார். காலையிலேயே வைத்தால் நல்லது அத்தை என்றேன்.

லேப் கதவைச் சாத்தினேன். டேங்கிலிருந்து நான்காம் எண்ணை எடுத்தேன். பெயரையும் எண்ணையும் விதிப்படி உரக்கப் படித்தேன், கேட்க ஆளில்லாவிட்டாலும். முத்துசெல்வி லிங்கேஸ்வரன், நான்கு. ஒரு மணி நேரத்தில் அது விரிந்து நின்றது. ஒன்பதரைக்கு வந்த டாக்டர் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார்.

“ரெண்டாம் நம்பர் இவ்வளவு லட்சணமாவா இருந்துச்சு?”

“நல்லா விரிஞ்சிட்டு மேடம்,” என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பத்து இருபதுக்கெல்லாம் செல்வியின் கர்ப்பப்பையில் கரு வைத்தாயிற்று. வெளியே உலகம்மை அத்தை கையெடுத்துக் கும்பிட்டார். செல்வி படுத்தபடியே அழுதாள். “உன் கையால நடந்திருக்கு. இனி எனக்குப் பயமில்ல,” என்றாள்.

காலியான ஸ்ட்ராவை ஃபைலில் ஒட்டிவைப்பது எங்கள் வழக்கம். நீங்கள் பார்த்திருப்பீர்கள், செல்வியின் ஃபைலில் இரண்டு என்று எழுதிய ஸ்ட்ராதான் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் நீங்கள் குழம்பியிருக்கிறீர்கள். அதை நான் மூன்று மாதம் கழித்து ஒட்டினேன். செல்விக்குக் கரு நின்று, மற்ற மூன்றையும் அழிக்கச் சொல்லி டாக்டர் தாளைக் கொடுத்தபோது ஒன்றையும் மூன்றையும் அப்படியே குப்பையில் போட்டேன். இரண்டை அப்படிச் செய்ய மனம் வரவில்லை. முறைப்படி வெதுவெதுப்பாக்கி டிஷ்ஷில் விட்டேன். சுருங்கிக் கிடந்தது மெல்ல எழுந்து உருண்டையாயிற்று. மந்தம் என்று சொன்னேனே, அப்படியொன்றும் மந்தமில்லை. நன்றாகவே வந்திருக்கும். வேலை முடிகிற வரை அவ்வப்போது பார்த்துக்கொண்டேன். பிறகு டிஷ்ஷை இன்குபேட்டரில் வைக்காமல் மேசையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் ஒன்றுமில்லை. நான்காம் எண் ஸ்ட்ரா என் வீட்டில், என் கோமதியின் பால்மாவு டப்பாவுக்குள் இருக்கிறது. வேண்டுமென்றால் ஆளனுப்புங்கள். கவனக்குறைவு இல்லை என்பதற்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

பெண் குழந்தை பிறந்தது. செல்வி அதற்குக் கோமதி என்று பேர் வைத்தாள். “அக்கா மக திரும்பி வந்துட்டா,” என்று ஊரெல்லாம் சொன்னாள். என்னைக் கேட்காமலே அந்தப் பேரையும் எடுத்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது ஒரு வகையில் உண்மைதானே என்றும் தோன்றியது. அந்தக் குழந்தையின் மேல் எனக்கு இருக்கும் பாசத்தை நீங்கள் சந்தேகிக்க வேண்டாம். தூக்கிப் போடச் சொன்ன உயிரை வைத்துக் காப்பாற்றியவள் நான். பெற்றவளை விட ஒரு படி மேல் என்றுகூட நினைத்ததுண்டு. ஞாயிறுதோறும் நான்தான் குளிப்பாட்டுவேன். குளிப்பாட்டும்போது வயிற்றை அழுத்திப் பார்ப்பேன். சுத்தமான கருவில் பிறந்தவள் என்பதால் செல்வி அவளுக்கு ஸ்கேன் எடுப்பதில்லை. யாராவது ஒருவர் பார்க்க வேண்டும் அல்லவா.

தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு. அருவியில் கூட்டமில்லாத நேரம். செல்வியும் நானும் குழந்தையைப் புலியருவிக்குக் கூட்டிப் போனோம். மெல்லிசாக விழுந்த தண்ணீரில் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சிரித்தபோது குரல் கரகரத்தது. கையிலும் காலிலும் முடி அடர்ந்திருந்தது. இடது விலாவுக்குக் கீழே என் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. துவட்டும்போது செல்வி அவள் முகத்தைத் திருப்பிக் காட்டினாள்.

“இங்கன பாருக்கா, கன்னத்துல பரு மாதிரி வருது. மூணு வயசுல பரு வருமா?”

பத்து வருடம் நான் மனதுக்குள் போட்டுத் தேய்த்த கேள்வி. அதற்கான பதில் இந்த மாவட்டத்திலேயே என்னை விட நன்றாகத் தெரிந்தவர்கள் யாருமில்லை.

“சூடுதான் செல்வி. எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டு,” என்றேன்.

அவள் தேய்த்தாள். வாரம் இரண்டு தடவை தேய்த்தாள், நல்லெண்ணெயை நானே வாங்கிக் கொடுத்தேன். கடைசியில் மழலையர் பள்ளி டீச்சர் ஒருத்திதான், குரல் ஆம்பளைக் குரல் மாதிரி இருக்கிறதே, டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து செல்வி ஒரு நாளைக்கு ஐந்து தடவை எனக்கு போன் செய்கிறாள். “இத நீதான் தாண்டி வந்திருக்க. எனக்கு உன்னவிட்டா யாரு இருக்கா?” என்கிறாள். நானும் பக்கத்திலேயே இருக்கிறேன். பத்து வருடத்தில் முதல் தடவையாக எங்கள் இருவருக்கும் பேசுவதற்கு ஒரே விஷயம் இருந்தது. அந்த இரண்டு மூன்று வாரம் எனக்கு வயிறு எரியவில்லை.

நேற்றுத் திசுப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. முதல் நிலையாம். உறை கிழியாமல் முழுதாக எடுத்துவிட்டார்களாம். எங்கும் பரவவில்லை, மருந்து கூட ஏற்ற வேண்டாம், அடிக்கடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும் என்கிறார்கள். குழந்தை கட்டிலில் உட்கார்ந்து இட்லி கேட்டாளாம். லிங்கேஸ்வரன் வராந்தாவில் நின்று முகத்தை மூடிக்கொண்டு அழுததாக டாக்டர் ஜெஸி சொன்னார். எனக்கும் சந்தோஷம்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடித்துவிட்டீர்களா அந்தச் சொல்லை? நன்றி. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை. டாக்டராகிய உங்களுக்குத் தெரிந்தால் சொல்லலாம். என் மகளுக்கு நான் தெரியாமல் தாமதித்தது நாற்பது நாள். இந்தக் குழந்தைக்குத் தெரிந்தே நூற்றுப் பத்து நாள் விட்டேன், எண்ணி வைத்திருக்கிறேன். அப்படியும் முதல் நிலை. செல்விக்குக் கட்டிகூட நல்ல கட்டியாகத்தான் வாய்க்கிறது.